கொட்டியாரத்தில் பிடிபட்டவர்கள் கற்றுக்கொண்ட கண்டி வழக்கம்

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புது மரம் பொருத்தவும், அதுவரை துணி வியாபாரம் செய்யவும் அது கொட்டியாரத்துக்கு வந்தது. திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, மகாவலி கங்கை கடலில் சேரும் இந்தக் குடா அப்போது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது. அரசனின் திசாவை (மாகாண அதிகாரி) படையோடு வந்து, 1660இல் கப்பல் தலைவரையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டான். பிடிபட்ட 16 பேரில் தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸும் ஒருவன். வயது பத்தொன்பதைத் தாண்டவில்லை. அவன் சிறையிருப்பு 19 ஆண்டு நீண்டது.

சிறை என்றாலும் மதிலோ விலங்கோ இல்லை. கைதிகளை ஊருக்கு ஓரிருவராகப் பிரித்து, முறைவைத்துச் சோறு போடும்படி ஊராருக்குக் கட்டளையிட்டார்கள். அந்த ஏற்பாடே அவர்களுக்குப் பள்ளியாயிற்று. பாயில் உட்கார்ந்து கையால் உண்பதும், ஏனத்தில் வாய் வைக்காமல் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதும் முதலில் வந்தன. கொண்டுவந்த உடை கிழிந்தபின் இடுப்பில் துணி சுற்றி, வெறுங்காலோடு நடக்கப் பழகினார்கள். நொக்ஸும் தந்தையும் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் காய்ச்சலில் விழுந்தார்கள். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்துபோனார்.

மொழி தாமதமாக வந்தது, அதோடு சமூகமும் வந்தது. எதிரில் நிற்பவரின் தகுதிக்கேற்ப முன்னிலைச் சொல் மாறுவதையும், அதற்கு ஏழெட்டுச் சொற்கள் இருப்பதையும் நொக்ஸ் கண்டான். யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாதவன் வாயைத் திறக்க முடியாது. ஆகவே சிங்களம் கற்பது சாதிப் படிநிலையைக் கற்பதாகவும் ஆயிற்று. அந்தப் படிநிலையில் அந்நியருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வெள்ளையரை உயர்குடியினருக்கு நிகராகவே ஊரார் நடத்தினர். மாட்டிறைச்சி உண்பதும், குடிப்பதும், மலங்கழித்தபின் கால் கழுவாததும்தான் அவர்கள் மதிப்பைக் குறைத்தன. இப்படிப்பட்ட குறிப்புகள் நொக்ஸின் எழுத்துக்குத் தனி மதிப்பைத் தருகின்றன. ஒரு சமூகத்தில் பிறந்த குழந்தை இவற்றைக் கற்றதாகவே உணராமல் கற்றுவிடும், பிறகு எழுதிவைக்கத் தோன்றாது. வளர்ந்தபின் வந்து, ஒவ்வொன்றையும் கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தவனுக்கே அது எழுதத்தக்க செய்தியாயிற்று.

பிழைப்புக்கு மாலுமிகள் நூல் தொப்பி பின்னி விற்றார்கள். நொக்ஸ் கோழியும் பன்றியும் வளர்த்தான், நெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் ஒன்றரை மடங்காகத் திருப்பி வாங்கினான். ஊரில் இருந்த வட்டி முறை அதுதான். எலதெத்தை என்ற ஊரில் நிலம் வாங்கி வீடும் கட்டிக்கொண்டான். கடன் கொடுக்கவும், திருப்பிக் கேட்கவும், நிலத்துக்கு விலை பேசவும் ஊரின் நடைமுறை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சோற்றுக்குக் காத்திருந்த கைதி ஊருக்குள் கணக்கு வழக்கு வைத்திருக்கும் குடியானவனாக மாறியது இவ்வாறே.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு விஷயங்களில் அவன் இணங்கவில்லை. ஒன்று சமயம். ஒரு முதியவரிடமிருந்து, தான் பின்னிய தொப்பியைக் கொடுத்து வாங்கிய ஆங்கில விவிலியம் அவனுக்குப் பெருந்துணையாயிற்று. மற்றது திருமணம். எலதெத்தை வீட்டில் பெண்ணுக்கு இடமில்லை என்ற உடன்பாட்டோடு நான்கு ஆங்கிலேயர் சேர்ந்திருந்தனர். அவர்களில் இருவர் மணம் முடித்துப் பிரிந்துபோக, நொக்ஸும் ஸ்டீவன் ரட்லண்டும் மட்டும் மிஞ்சினர். குடும்பம் ஏற்பட்டவனுக்குத் தப்பியோடும் எண்ணம் நிலைக்காது என்று நொக்ஸ் உணர்ந்திருந்தான் என்றே கொள்ளவேண்டும். மணந்துகொண்ட மாலுமிகளைக் கோழைகள் என்று சொல்வது நியாயமல்ல. திரும்பும் வழி தெரியாத இளைஞர்கள் இருந்த இடத்திலேயே வாழ்க்கையைத் தேடிக்கொண்டார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வழக்கங்கள் பிறப்போடு வந்தவை.

கற்ற வழக்கமே தப்பிக்கவும் உதவியது. நொக்ஸும் ரட்லண்டும் ஊர் ஊராகச் சரக்கு விற்கும் வியாபாரிகளாகத் திரிந்து வடக்கே போகும் பாதைகளை அறிந்துகொண்டனர். அவர்களின் நடையிலும் பேச்சிலும் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் அநுராதபுரத்தை அடைந்ததும் அந்த வித்தை தீர்ந்துபோனது. அங்கே குடியிருந்தவர்கள் தமிழர், சிங்களத்தில் அவர்களோடு பேச முடியவில்லை. பத்தொன்பது ஆண்டில் அவர்கள் பழகியது தீவின் ஒரு சமூகத்தின் வழக்கத்தையே என்பது அங்கு வெளிப்பட்டது. பிறகு மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டுவழியே நடந்து, 1679 அக்டோபரில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். மன்னாரில் ஒல்லாந்த அதிகாரியோடு மேசையில் அமர்ந்து உண்பது அவர்களுக்குப் புதுமையாக இருந்தது.

இந்த அனுபவங்களைச் சொல்லும் நொக்ஸின் நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. அறிவியலாளர் ரொபர்ட் ஹூக் முன்னுரை எழுதினார். டேனியல் டிஃபோ 1720இல் வெளியிட்ட 'கேப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார். கண்டி நாட்டின் உழவு, உணவு, சாதி, சடங்கு, நீதி பற்றிப் பதினேழாம் நூற்றாண்டுச் செய்தி தேடுவோர் இன்றும் முதலில் எடுப்பது அந்த நூலைத்தான்.