கைவினைச் சந்தையில் வட்டார உணவும் விடுபட்ட மதுவும்

இந்திய வட்டார உணவுகளைச் சிறிது சிறிதாகச் சுவைத்துச் செல்லும் வழக்கம் நகர மக்களிடையே பரவியதில் கைவினைச் சந்தைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அரியானாவின் சூரஜ்குண்ட் விழா 1987இல் தொடங்கப்பெற்றது. தில்லி ஹாட் 1994இல் திறக்கப்பெற்றது. கிராமச் சந்தையின் சாயலில் அமைந்த இவ்விடங்களில் நெசவும் மட்பாண்டமும் காணவருவோர், பீகாரின் லிட்டி-சோக்காவையும் காஷ்மீரத்துக் கஹ்வாவையும் நாகாலாந்தின் மூங்கில் குருத்திட்ட பன்றிக்கறியையும் ஒரே மாலையில் உண்டு திரும்புகின்றனர்.

நிலந்தோறும் உணவு வேறுபடும் என்பதும், வழிச்செல்வோர் அவற்றை அடுத்தடுத்துச் சுவைப்பர் என்பதும் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழியே ஓர் உணவு வரிசையாக அமைகின்றது. எயினர் குடியில் செந்நெற் சோறும் உடும்புக்கறியும், ஆயர் குடியில் பாலொடு தினைச்சோறும், உழவர் மனையில் வெண்சோறும் கோழிப்பொரியலும் கிடைக்கின்றன. பொருநராற்றுப்படை பண்டமாற்றையே காட்டுகின்றது: தேனும் கிழங்கும் தந்தோர் மீன்நெய்யும் நறவும் பெறுகின்றனர், கரும்பும் அவலும் தந்தோர் மான்தசையும் மதுவும் பெறுகின்றனர். இவ்விரு நூல்களிலும் உணவோடு மதுவும் உடன்வருகின்றது என்பது நோக்கற்பாலது. இக்காலச் சந்தையில் இல்லாதது இதுவே.

வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதியில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மது ஆக்கும் முறையையே விரித்துரைக்கின்றார். அரிசியைக் கூழாகத் துழாவி அட்டு, அகன்ற தட்டிலிட்டு ஆற்றி, முளையை இடித்துச் சேர்த்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுத்து, சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளிக்கின்றனர். நாகாலாந்தின் அங்காமி மக்கள் ஆக்கும் ‘சுத்தோ’ என்னும் அரிசி மதுவும் நெல்லை முளைக்கவைத்து இடித்த மாவினாலேயே புளிக்கவைக்கப்படுகின்றது. வடகிழக்கில் பலர் மூலிகை சேர்த்த மாவில்லைகளைக் கொண்டு புளிக்கவைக்க, இம்முறை தனித்து நிற்கின்றது. இவ்வொப்புமையைக் கொண்டு இனத்தொடர்பு காண முற்படுதல் தகாது. நெல் விளையும் நிலங்களில் முளையின் ஆற்றலைத் தனித்தனியே கண்டறிந்திருத்தல் இயல்பே. எனினும், உரையாசிரியர்கள் சொற்பொருள் அளவில் விளக்கிச் சென்ற ஒரு தொழில்முறையை இன்றும் கண்ணாற் காணத்தக்க இடம் ஒன்று உண்டு என்பது சங்க இலக்கியம் பயில்வோர்க்குப் பயன்தருவது.

அவ்விடம் சந்தையன்று. தில்லி ஹாட்டில் வடகிழக்கு உணவோடு பலரும் பருகுவது ‘புரூட் பீர்’ எனப்படும் மதுவற்ற இனிப்பு நீர். பெயரில் மட்டும் மது நிற்கின்றது! நாகாலாந்திலேயே 1989இல் முழு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அரசமைப்பின் 47ஆம் உறுப்பு மதுவிலக்கை அரசின் நெறியாக வகுத்துள்ளது. அதற்கும் முன்னரே, 1878ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம் போன்ற குடியேற்ற ஆட்சிச் சட்டங்கள் வீட்டிலும் தோப்பிலும் ஆக்கப்பட்ட மதுவை வரிக்கும் உரிமத்துக்கும் உட்படுத்தின. குடியின் கேட்டை மறுப்பதற்கில்லை. ஆனால், தறியைக் கைவினை எனப் போற்றும் அரசே சாடியைக் குற்றப்பொருளாகக் கண்டது என்பதையும் வரலாறு பதிவுசெய்தல் வேண்டும்.

கோவாவின் பெனி இதற்கு விலக்காக அமைந்தது. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரியின் பழத்தை, தானே உதிர்ந்த பின்னரே பொறுக்கி, மிதித்துச் சாறெடுப்பர். மிதித்த சக்கையிலிருந்து வடியும் ‘நீரோ’ புளிப்பதற்கு முன் பருகப்படுவது. புளித்த சாற்றை முதன்முறை வடிப்பதால் ‘உர்ராக்’கும் மறுமுறை வடிப்பதால் பெனியும் கிடைக்கின்றன. முந்திரிப் பெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. நாட்டுச் சாராயம் என்னும் வகைப்பாட்டில் நெடுங்காலம் கிடந்த அதனை 2016இல் கோவா அரசு மரபுப் பானமாக ஏற்றது. அசாமின் திமாசா மக்களது ‘ஜூதிமா’வும் 2021இல் குறியீடு பெற்றது. தடைசெய்யப்பட்டதும் பாதுகாக்கப்பட்டதும் ஒரே பொருளின் இரு பெயர்கள் ஆயின.

தமிழகத்தில் கள்ளிறக்கத் தடை நடைமுறைக்கு வந்ததும் சூரஜ்குண்ட் விழா தொடங்கிய அதே 1987ஆம் ஆண்டில்தான். இங்குச் சட்டத்தின் எல்லை சுண்ணாம்பில் நிற்கின்றது. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாததில் இறங்குவது கள். பதநீரும் நெடுவழி தாங்குவதன்று. ஆதலின் வடபுலச் சந்தைகளைச் சென்றடையத்தக்க பனையின் சுவை பெரும்பாலும் கருப்பட்டியாகவே இருக்கின்றது.