ஊவா மலைகளிற் கிறித்துவப் பாடசாலைகள்

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் அடியில் ஒரு சுரங்கம் இருக்கின்றது. எல்லவிலிருந்து இறங்கி வரும் வண்டி முதலில் நிலையத்தில் நின்று, பின்பு மலையைச் சுற்றி வளைந்து, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் கீழாகச் சென்று பதுளையை நோக்கிப் போகின்றது. 1894ஆம் ஆண்டு பண்டாரவளை வரையில் வந்த இரும்புப் பாதை, 1921இல் ஒன்பது வளைவுப் பாலத்தையும், பின்னர் இச்சுரங்கத்தையும் கடந்து, 1924இலேதான் பதுளையை அடைந்தது. மேலே நிலையமும் கீழே சுரங்கமுமாக அமைந்த இவ்விடத்தைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், கிறித்துவ சமயம் வளர்த்த கல்வியும் ஏறக்குறைய இவ்வாறே இரு தளங்களில் அமைந்திருந்தது. மேற்றளத்தில் ஆங்கிலம் போதித்த விடுதிக் கல்லூரி. கீழ்த்தளத்தில் தோட்டத்து லயத்தின் அருகே உபதேசியார் நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடம். இரண்டையும் தோற்றுவித்தது ஒரே சமயம். ஆயினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிச் சென்ற பிள்ளைகள் மிகச் சிலரே. அதன் காரணங்களை ஆராய்வது, மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றை ஒரு பக்கத்திலிருந்து ஆராய்வதாகும்.

பதுளை நகரின் பரிசுத்த மாற்கு ஆலயம் இவ்வரலாற்றைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்ட அவ்வாலயத்தை, 1857இல் கொழும்பின் முதல் அத்தியட்சரான ஜேம்ஸ் சாப்மன் பிரதிட்டை செய்து வைத்தார். இதே சாப்மன் அத்தியட்சரே 1851ஆம் ஆண்டு கொழும்பு முகத்துவாரத்தில் பரிசுத்த தோமா கல்லூரியை நிறுவியவர். அவர் காலத்தில் ஊவாவிலே ஆலயம் எழுந்தது. அவர் நிறுவிய கல்லூரியோ ஊவாவுக்கு வர மேலும் எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆனால், அந்த இடைக்காலத்தில் மலைகளில் கல்வி இல்லாமற் போகவில்லை. அது வேறு வழியால் வந்தது.

1854ஆம் ஆண்டு கண்டியிலே கோப்பித் தோட்டத் துரைமார் சிலர் கூடி, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்குக் கிறித்துவத்தைப் போதிக்க ஓர் ஏற்பாடு வேண்டுமென்று தீர்மானித்தனர். சேர்ச் மிஷன் சங்கத்தின் ஆதரவுடன் அவ்வருடத்தில் உருவானதே 'தமிழ்க் கூலி மிஷன்' எனப்பட்ட அமைப்பு. உபதேசிமாரின் சம்பளத்தைத் துரைமார் கொடுத்தனர்; மேற்பார்வை செய்யும் மிஷனரிமாரைச் சங்கம் அனுப்பியது. உபதேசிமார் பெரும்பாலும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தவர்கள். நன்கு தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கால்நடையாகச் சென்று, மாலையில் லயத்து முற்றத்திற் பிரசங்கம் செய்து, பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்தவர்கள். நாளடைவில் 'கூலி' என்னும் சொல்லை மிஷன் தன் பெயரிலிருந்து நீக்கி, தமிழ்ச் சபை மிஷன் என வழங்கலாயிற்று. அப்பெயர் மாற்றத்திலும் ஒரு காலத்தின் மனமாற்றம் தெரிகின்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. 1854இலேயே மிஷன் தொடங்கிய போதிலும், தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெருகியது பிற்காலத்திலே ஆனது ஏன்? விடை பயிரில் இருக்கின்றது. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்காக மன்னார் வழியாக நடந்து வந்த ஆண்களிற் பலர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். குடும்பமும் குழந்தையும் அவர்களோடு வந்தது குறைவு. 1869ஆம் ஆண்டு கோப்பியில் இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதைப் பறிக்கப் பெண்களின் கைகள் வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்துக் குடியேறின. குழந்தைகள் அங்கேயே பிறந்தனர். பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பிள்ளைகளைத் தேயிலையே மலைக்குக் கொண்டுவந்தது எனலாம். அப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விரைவிலே பிரித்தெடுத்ததும் அதே தேயிலைதான்.

லயப் பள்ளிக்கூடம் எவ்வாறு இருந்தது? பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஒரு மூலையில் அரிச்சுவடி, மற்றொரு மூலையில் ஆத்திசூடி, வேறொரு பக்கத்தில் வாய்ப்பாடு. ஐந்து வகுப்புகளையும் ஒருவரே நடத்துவார். ஆசிரியரே உபதேசியார், ஞாயிற்றுக்கிழமையில் அவ்வறையே செபவீடு. விடியலிற் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தாய் மலைக்குச் செல்ல, கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவுக்கும், அதற்கு மூத்தது பள்ளிக்கும் போகும். பத்து வயதை எட்டிய பிள்ளைக்குக் கங்காணி 'அரைப்பேர்' போடுவார். அரை நாட் சம்பளமாயினும் அது வீட்டுக்கு வேண்டிய சம்பளம். அன்றே அப்பிள்ளையின் படிப்பு முடிவடையும். பெண் பிள்ளையாயின், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பத்து வயதுக்கு முன்பே வந்துவிடும்.

சட்டமும் இந்த எல்லையைத் தாண்டவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் உறுதி செய்தது. இவற்றின் பயனாகப் பள்ளிக்கூடங்கள் பெருகின என்பது உண்மை. ஆனால் பத்து வயதுக்குப் பின்பு என்ன என்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. கல்வி துரையின் கையில் இருக்கும் வரையில், தொழிலாளியின் பிள்ளை சிறந்த தொழிலாளியாவதற்கு வேண்டிய அளவே கல்வி கிடைக்கும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். அங்கே 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பாடசாலை தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி எழுந்து உயர்கல்வி வரை வழி திறந்தது. மிஷனின் சமயப் போதனையை ஏற்காதவர்கள் அதற்கு மாற்றுப் பள்ளிக்கூடம் அமைத்தார்கள். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பெற்றோருக்குச் சொந்த நிலமும், ஊரிற் செல்வாக்கும், தெரிந்தெடுக்கும் சுதந்திரமும் இருந்தபடியால் இவை இயன்றன. ஊவாத் தோட்டத்திலோ வீடு கம்பனியின் வீடு. பாதை கம்பனியின் பாதை. பள்ளிக்கூடமும் கம்பனியின் நிலத்திலேயே நின்றது. பெற்றோரிற் பெரும்பாலோர் மாரியம்மனை வழிபட்டவர்கள். உபதேசியாரிடம் பிள்ளையை அனுப்பியபோதும் தம் கோயில் திருவிழாவை அவர்கள் விடவில்லை. ஆகவே மிஷன் எதிர்பார்த்த அளவில் மதமாற்றம் நிகழவில்லை. எழுத்தறிவு மட்டும் ஓரளவு நிலைத்தது. கடிதம் வாசிக்கவும், செக்றோலில் தன் பெயர் சரியாக இருக்கின்றதா என்று பார்க்கவும், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரத்தைப் படிக்கவும் அது உதவியது. விதைத்தவர் எண்ணியது ஒரு பயிர்; விளைந்தது வேறு.

இக்காலத்தில் நகரங்களிலும் கல்வி வளர்ந்தது. கண்டியில் 1879இல் பெண்கள் உயர்தரப் பாடசாலையை நிறுவிய சாமுவேல் லாங்டன் என்னும் வெஸ்லியன் குருவானவர், 1880களின் பிற்பகுதியில் ஊவாவுக்கு வந்து தம் சபையின் ஊழியத்தை விரிவாக்கினார். பதுளை, பண்டாரவளை முதலிய இடங்களில் மெதடிஸ்தரும், ஆங்கிலிக்கரும், கத்தோலிக்கத் துறவியரும் ஆங்கிலப் பாடசாலைகளை நடத்தினர். பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, நகர வியாபாரி ஆகியோரின் பிள்ளைகள் இவற்றிற் சேர்ந்தனர். கொழுந்து பறித்தவளின் பிள்ளைக்கு, தூரமும் கட்டணமும் மொழியும் மூன்று மதில்களாயின.

பரிசுத்த தோமா கல்லூரி ஊவாவுக்கு வந்தது இரண்டாம் உலகப் போரினால். 1942இல் கல்கிசையிலிருந்த கல்லூரிக் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் கல்லூரியின் தலைவராயிருந்தவர் கனன் ஆர். எஸ். டி சேரம், 1932இல் அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர். வெலிமடைக்கு அண்மையில் குருத்தலாவையில் இருந்த தம் பண்ணையை லெஸ்லி டி சேரம் என்பார் கல்லூரிக்கு வழங்கினார். அங்கே கிளைக் கல்லூரி தோன்றியது. ஆங்கிலேயரான டாக்டர் ஆர். எல். ஹேமன் அதன் முதல் தலைமை ஆசிரியரானார்.

பண்ணையிலே பிறந்த கல்லூரியாதலால் அதன் மாணவ வாழ்க்கையும் நகரக் கல்லூரியினின்று வேறுபட்டது. குளிர்ந்த மலைக்காற்று, திறந்த வெளி, நடைப்பயணம், தோட்ட வேலை, விளையாட்டு ஆகியவை பாடப் புத்தகத்துக்குச் சமமான இடம் பெற்றன. நாளின் தொடக்கமும் முடிவும் ஆலய வழிபாடு. மாணவத் தலைவர்களின் கட்டுப்பாடும், இல்லங்களுக்கிடையிலான போட்டியும் ஆங்கில நாட்டு விடுதிக் கல்லூரிகளின் வழியில் அமைந்தன. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே மண்டபத்தில் உண்டு, ஒரே விடுதியில் உறங்கினர். வேறு சமயத்தவர்களின் பிள்ளைகளும் அங்கே கற்றனர். பல இனத்தார் ஒருவரையொருவர் இளமையிலே அறிந்துகொள்ள இடமளித்ததை இத்தகைய கல்லூரிகளின் நற்பேறு எனல் வேண்டும். எனினும், விடுதிச் சாளரத்திலிருந்து காணக்கூடிய தேயிலை மலைகளில் வாழ்ந்த பிள்ளைகள் அங்கே சேர்வது அரிதாயிருந்தது.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்பது இலங்கை வரலாற்றிற் பெரியதொரு மாற்றம். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே தங்கின. ஐந்தாம் வகுப்புக்கு அப்பாற் செல்லும் வழி அங்கே பெரிதும் அடைபட்டே இருந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டிலே குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கு இல்லாத பெற்றோரின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பதற்கு மன்றத்தில் ஆள் இல்லாமற் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், எந்த நாட்டிற்குப் படிப்பது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாத கேள்வியாயிற்று.

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஊவாவின் மிஷன் பாடசாலைகளிற் பல அப்போது அரசினர் பாடசாலைகளாயின. பரிசுத்த தோமா கல்லூரி போன்ற சில மட்டும் அரசாங்க உதவியின்றித் தனியார் கல்லூரிகளாக நின்றன. குருத்தலாவைக் கல்லூரி அவ்வாறு நிலைத்தவற்றுள் ஒன்று. தோட்டப் பள்ளிக்கூடங்களோ அந்த அலையிலும் சேர்க்கப்படவில்லை. 1970களில், தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட காலத்தை ஒட்டியே அவற்றை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது. நாட்டின் ஏனைய பிள்ளைகள் 1945இல் பெற்ற உரிமை, தோட்டத்துப் பிள்ளையின் வாசலுக்கு வர ஏறக்குறைய ஒரு தலைமுறை ஆயிற்று.

அதன் பின்பு மாற்றம் விரைந்தது. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியால் பள்ளிக்கூடக் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞரும் யுவதியரும் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். 1990களில் ஜெர்மனியின் உதவியுடன் கொட்டகலைக்கு அண்மையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து, மலைநாட்டு ஆசிரியர்களைப் பயிற்றியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கியது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் தோன்றியது.

இவற்றை நோக்கும்போது மிஷன் பாடசாலைகளின் பணியை எவ்வாறு மதிப்பிடுவது? வேறெவரும் நினையாத காலத்தில் தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் உபதேசியார் என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். எல்லாப் பிள்ளைகளும் கடவுளின் பிள்ளைகள் என்று போதித்த சமயம், சிலருக்கு விடுதியும் பலருக்கு ஒற்றை அறையும் அமைத்தது என்பதை மறைப்பது உண்மை மறத்தலாகும். துரையின் பணத்தில் நடந்த பள்ளி, துரையின் தேவைக்கு அப்பால் ஏற இயலவில்லை. உபதேசியாரின் நல்லெண்ணம் அதற்குக் குறைந்ததன்று. அவருடைய அதிகாரமே குறைந்தது. திருநெல்வேலியிலிருந்து ஆசிரியர் வரவேண்டியிருந்த நிலை மாறி, லயத்திலே பிறந்தவரே ஆசிரியரானபோதுதான் அந்த எல்லை உடைந்தது. இன்று தெமோதரை நிலையத்தில் வெள்ளைச் சீருடையுடன் வண்டிக்குக் காத்து நிற்கும் பிள்ளைக்குப் பத்து வயதோடு படிப்பு முடிந்துவிட வேண்டியதில்லை. அந்த ஒன்றைப் பெறுவதற்கு இம்மலைகளில் நூறாண்டுக்கு மேற் சென்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.