கொரியாவின் கிம் கு



1919ஆம் ஆண்டிலே, யப்பானிய ஆட்சிக்கு எதிராகக் கொரிய மக்கள் கிளர்ந்தெழுந்து கொடிய அடக்குமுறைக்கு உள்ளாயினர். அப்பொழுது தேசாபிமானிகள் பலர் சீனத்தின் ஷங்காய் நகரிற் கூடித் தற்காலிக அரசாங்கம் ஒன்றை நிறுவினர். அங்கு வந்து சேர்ந்த நாற்பத்திரண்டு வயதினர் ஒருவர், அவ்வரசாங்கத்தின் வாயிற்காவலனாகத் தம்மை நியமிக்குமாறு வேண்டினார். தலைவர்களோ அவரைக் காவற்பகுதிக்கு அதிபராக்கினர். அவர்தாம் கிம் கு.

1876இல் ஹைஜு நகரை அடுத்த ஓர் ஏழைக் குடியிற் பிறந்தவர் அவர். அரசாங்கப் பரீட்சையிற் சித்தியெய்தாது, 1894இல் தொங்ஹாக் விவசாயிகளின் கிளர்ச்சியிற் சேர்ந்தார். 1895இல் கொரிய அரசியை யப்பானியர் கொலை செய்தனர். அடுத்த ஆண்டு, அதற்குப் பழிதீர்ப்பதாகக் கருதி, யப்பானியர் ஒருவரை அவர் கொன்றார். இறந்தவர் படையினர் என்பது கிம் குவின் நம்பிக்கை. யப்பானியப் பதிவுகளோ அவரை வணிகர் என்கின்றன. இதனை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதல் முறையன்று. மரணதண்டனை அரசரின் கட்டளையால் நிறுத்தப்பட்டது. 1898இல் சிறையினின்று தப்பினார். 1911இல் மீண்டும் சிறைப்பட்டபோது 'பெக்பொம்' என்னும் புனைபெயரைப் பூண்டார். தாழ்ந்தோராகக் கருதப்பட்ட இறைச்சி வெட்டுவோரையும், சாதாரண குடிமகனையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை அது.

1932ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் திகதி காலை, யுன் பொங்கில் என்னும் இளைஞர் அவரிடம் விடைபெற்றார். தாம் புதிதாக வாங்கிய கைக்கடிகாரத்தைக் கொடுத்து, கிம் குவின் பழைய கடிகாரத்தைப் பெற்றுக்கொண்டார். தமக்கு அது இனி ஒரு மணி நேரமே பயன்படும் என்றார். அன்று ஷங்காய்ப் பூங்காவொன்றில் அவர் எறிந்த குண்டு யப்பானியத் தளபதி சிரகாவாவின் உயிரைக் குடித்தது. ஷிகெமித்சு என்னும் தூதுவர் ஒரு காலை இழந்தார். 1945இல் யப்பானின் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டவர் அந்த ஷிகெமித்சுவே!

குண்டுவீச்சின் பின்னர் சியாங் கை ஷேக்கின் உதவி கிட்டியது. 1940இல் சுங்கிங் நகரிலே கொரிய விடுதலைப் படை அமைந்தது. அப்படை தாய்நாட்டிற் கால்வைக்குமுன் யப்பான் சரணடைந்தமை கிம் குவுக்குப் பெருந்துயர் விளைத்தது. தம் கையால் மீட்காத நாட்டின் எதிர்காலத்தைப் பிறர் வகுப்பரே என அவர் அஞ்சினார். அந்த அச்சம் வீணாகவில்லை. அமெரிக்க இராணுவ நிருவாகம் தற்காலிக அரசாங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. நவம்பரில் அவர் தனிமனிதராகவே நாடு திரும்பினார்.

தெற்கிலே தனித் தேர்தல் நடத்துவதை அவர் எதிர்த்தார். 1948 ஏப்பிரலில், எழுபத்தோராவது வயதில், 38ஆம் அகலக்கோட்டைக் கடந்து பியோங்யாங் சென்று வடபகுதித் தலைவர்களுடன் பேசினார். முயற்சி பலிக்கவில்லை, அவ்வாண்டிலேயே இரு அரசுகள் தோன்றின. வடக்கின் வலையில் வீழ்ந்தார் எனப் பழித்தோர் உளர். எனினும், நாட்டைப் பிளந்து பதவி பெற அவர் உடன்படவில்லை என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

1949ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதி, சியோலில் தம் இல்லத்திலிருந்த அவரைத் தென்கொரியப் படை அதிகாரி ஆன் தூஹி சுட்டுக் கொன்றான். ஆயுட்சிறை விதிக்கப்பட்டும், மறு ஆண்டு போர் மூண்டதும் அவன் மீண்டும் படையிற் சேர்க்கப்பட்டான்.

யுன் பொங்கில்லின் எலும்புகளை யப்பானிலிருந்து வருவித்து, 1946இல் சியோலின் ஹ்யோச்சாங் பூங்காவில் அடக்கம் செய்வித்தவர் கிம் கு. அதே பூங்காவிலேயே அவரது கல்லறையும் உள்ளது.