அடிபட்ட மண்ணீரலும் ஆபரேஷனும்

சென்ற மாதம் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. ஸ்கேன் எடுத்தால் மண்ணீரலில் கிழிசல். "ஆபரேஷன் வேண்டாம் சார், படுக்கையில் வைத்துக் கவனிப்போம்" என்றார் டாக்டர். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்று சொல்கிறேன்.

1966-ல் என் தம்பி புளியமரத்திலிருந்து விழுந்தான். அன்றே வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். மூன்றாம் வருஷம் ஒருநாள் காலையில் காய்ச்சல் என்று படுத்தவன், மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான். விஷக்காய்ச்சல் என்றார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். நோபல் பரிசு வாங்கிய சுவிட்சர்லாந்து சர்ஜன் கோக்கரே, அடிபட்ட மண்ணீரலை எடுத்துவிட வேண்டும், எடுப்பதால் கெடுதல் இல்லை என்று எழுதியவர்தான். ரத்தம் ஊறிய மெத்தென்ற உறுப்பு அது. தையல் போட்டால் பிய்த்துக்கொண்டு வரும்.

1952-ல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் என்ற இருவர், மண்ணீரல் எடுத்த ஐந்து கைக்குழந்தைகளுக்குப் பிறகு கடுமையான தொற்று வந்ததை எழுதினார்கள். ரத்தத்தில் நுழையும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளை வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல். அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்குவது சில மணி நேரத்தில் முற்றிவிடலாம். இதைப் படித்தபோதுதான், அதுவும் ரிட்டையர் ஆன பிறகு, தம்பியின் அந்த இரவு எனக்கு விளங்கியது.

மாற்று வழி காட்டியதில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறையில் இருந்த உபாத்யாயா, கனடாவில் டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் மண்ணீரல் அடிபட்ட 52 குழந்தைகளின் விவரங்களை சிம்ப்சன் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்து 1968-ல் வெளியிட்டார். கத்தி வைக்காமலே தேறிய குழந்தைகள் அதில் இருந்தார்கள். குரங்குகளை வைத்துச் செய்த சோதனையையும் அதே வருஷம் வெளியிட்டார். மண்ணீரல் காயம் தானாக ஆறும் என்று தெரிந்தது. தம்பி இறந்தது 1969.

பிறகு சி.டி. ஸ்கேன் வந்தது, கிழிசலின் ஆழத்தை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் படுக்கை ஓய்வு, அடிக்கடி பரிசோதனை. கசிவு நிற்காவிட்டால் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அடைக்கிறார்கள். அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால் இன்றும் ஆபரேஷன்தான்.

மண்ணீரல் எடுத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேரன் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்று மாதம் சைக்கிளைத் தொடக்கூடாதாம். காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டிருக்கிறான்.