நாற்பத்தொன்றும் ஒன்பதும்

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் என் கல்லூரி நண்பன் போன வருடம் ஒரு பழைய கார் வாங்கினான். மோரிஸ் மைனர் 1000, 1959ஆம் வருட மாடல், 948 சிசி. வாங்கிய மூன்றாவது வாரமே எம்1 சாலையில் லண்டன் வரை ஓட்டிவிட்டு இரவு போன் செய்தான்.

"அறுபது மைல்ல போனா எஞ்சின் கதறுதுடா. அடுத்த கியர் எங்கேன்னு கை தானா தேடுது. நாலோட முடிஞ்சிருச்சு. டிஃபரன்ஷியலை மாத்துன்னு சொல்றாங்க, 3.9 போட்டா சரியாயிடுமாம். நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

இரண்டு பேரும் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் விடமாட்டோம். கணக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அவன் காரில் இருக்கும் எண்ணை முதலில் யார், எந்தச் சாலையை மனதில் வைத்து எழுதினார்கள் என்ற கேள்வி பல வாரம் என்னோடு இருந்தது.

முதலில் எண். மைனரின் நான்காவது கியரில் கியர்பாக்ஸ் எதையும் கூட்டாது, குறைக்காது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் போகும் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. அதற்குப் பிறகு இருப்பது பின் அச்சில் டிஃபரன்ஷியலோடு உட்கார்ந்திருக்கும் கிரவுன் வீலும் பினியனும்தான். நண்பனின் காரில் கிரவுன் வீலுக்கு 41 பல், பினியனுக்கு 9 பல். வகுத்தால் 4.55. எஞ்சின் அத்தனை முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும்.

மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். நிமிடத்துக்குச் சரியாக ஒரு மைல். அந்தக் காரின் டயர் ஒரு மைல் உருள ஏறத்தாழ 870 சுற்று ஆகும். 4.55ஆல் பெருக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு 3960 சுற்று. இன்றைய மோட்டார்வே வரம்பான 70 மைலில் 4620. அந்த எஞ்சின் தன்னிடமுள்ள 37 குதிரைத்திறனையும் மொத்தமாகக் கொடுப்பது 4750இல். சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் போனாலே கிட்டத்தட்ட முழு மூச்சு.

யாரோ ஒரு மாறிலியைத் தப்பாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தப்பு இல்லை. அது வேறொரு சாலைக்கான எண்.

மைனர் 1948 அக்டோபரில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினியை உருவாக்கியவர். முன்மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து 4 அங்குலம் அகலமாக்கினார் என்பது பிரபலமான கதை. முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அந்த உருவமே பிடிக்கவில்லை. உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். நம் நாட்டில் இதே காரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது.

உடம்பு புதுசு, எஞ்சின் பழசு. இசிகோனிஸ் வேறொரு எஞ்சினைத்தான் திட்டமிட்டிருந்தார். கிடைத்தது போருக்கு முந்தைய மோரிஸ் எய்ட் காரின் 918 சிசி எஞ்சின். சிலிண்டர் விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. இப்படி ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்ததற்குக் காரணம் பிரிட்டிஷ் வாகன வரி. வரிக்கான குதிரைத்திறனைச் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்தே கணக்கிட்டார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் போகிறது என்பது கணக்கில் இல்லை. எனவே கம்பெனிகள் விட்டத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டின. ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் நெடுந்தூரம் ஓடவேண்டிய இத்தகைய எஞ்சின்களுக்கு அதிகச் சுற்றில் வெகுநேரம் ஓடுவது ஆகாது. மைனர் வந்தபோது அந்த வரிமுறை போய்விட்டது, அதற்காகச் செய்த எஞ்சின் போகவில்லை. பழைய கோடைப் பராமரிக்கிறவர்களுக்கு இது புரியும்.

1952இல் மோரிஸும் ஆஸ்டினும் ஒரே கம்பெனியாக இணைந்தன. ஆஸ்டினின் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. அதன் அதிகபட்ச முறுக்கு விசை 40 பவுண்டு-அடி மட்டுமே. ஆகவே விரைவிலேயே பின் அச்சின் விகிதத்தை 5.286 ஆக்கினார்கள். 37 பல், 7 பல். அந்தக் காரை 60 மைலில் ஓட்டினால் எஞ்சின் 4600 சுற்றுக்குப் போகும். அன்று இது பெரிய குறையாக இருந்திருக்காது, ஏனென்றால் அந்த வேகத்தில் நீடித்து ஓட இடமே இல்லை. லண்டனிலிருந்து வடமேற்கே போகும் ஏ5 சாலை ரோமானியர் காலத்துத் தடம். ஊர் ஊராக நுழைந்து வெளியே வரும். கனரக லாரிகளுக்கு 1957 வரை சட்டப்படி 20 மைல்தான். அவற்றின் பின்னால் ஊர்ந்து, இடைவெளி கிடைத்ததும் கியர் மாற்றாமல் அப்படியே மிதித்து முந்துவது ஓட்டுநரின் அன்றாடம். அதற்கு வேண்டியது டாப் கியரில் இழுவை. 5.286 அதைத்தான் கொடுத்தது.

1956இல் 948 சிசி வந்தது, விகிதம் 4.55 ஆனது. 1962இல் 1098 சிசி, 4.22. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாட்டின் சாலை மாறியது. 1958 டிசம்பர் 5 அன்று பிரெஸ்டன் புறவழிச்சாலை, பிரிட்டனின் முதல் மோட்டார்வே. 1959 நவம்பர் 2 அன்று எம்1இன் முதல் பகுதி, வாட்ஃபோர்ட் பக்கத்திலிருந்து ரக்பி அருகே கிரிக் வரை. ஆரம்பத்தில் வேக வரம்பே கிடையாது. 70 மைல் வரம்பு 1965 டிசம்பரில் சோதனையாக வந்து 1967இல் நிரந்தரமானது. அதுவரை முழு வேகம் என்பது சாதாரணக் குடும்பக் கார்கள் சில நிமிடம் தொட்டுவிட்டுத் திரும்பும் இடம். எம்1 அதை மணிக்கணக்கில் இருக்கும் இடமாக்கியது. ரேடியேட்டர்கள் கொதித்தன, கார்கள் ஓரத்தில் நின்றன.

5.286, 4.55, 4.22 என்று வரிசையாகப் பார்த்தால் வேகத்துக்காகவே குறைத்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். எஞ்சினின் முறுக்கு விசையை விகிதத்தால் பெருக்கினேன், அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. 803 சிசி: 40 பெருக்கல் 5.286, 211. 948 சிசி: 50 பெருக்கல் 4.55, 228. 1098 சிசி: 60 பெருக்கல் 4.22, 253. ஒவ்வொரு முறையும் எஞ்சின் வளர்ந்ததில் ஒரு பங்கை வேகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், மீதியை இழுவையிலேயே வைத்திருக்கிறார்கள். ஓட்டுநரிடம் ஏற்கெனவே இருந்ததிலிருந்து எதையும் பிடுங்கவில்லை.

இப்போது நண்பனின் 948இல் 3.9 போட்டால்? 195. 1954இன் 803 சிசி காரைவிடக் குறைவு. நீளமான மேடு வந்தால் மூன்றாவது கியர், எதிர்க்காற்று அடித்தால் மூன்றாவது கியர். பல்லை மாற்றுவதால் குதிரைத்திறன் கூடிவிடாது. 70 மைலில் காற்று கேட்கும் விலையை 37 குதிரைகள்தான் கொடுக்க வேண்டும். அதே 3.9ஐ 1098இல் போட்டால் 234, ஒரிஜினல் 948ஐவிடவும் கொஞ்சம் அதிகம். அவனுக்குக் கிடைத்த யோசனை நல்ல யோசனைதான். வேறு எஞ்சினுக்கான யோசனை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 4.55 விகிதத்தில் 60 மைலுக்கு எத்தனை சுற்றோ, 3.9இல் 70 மைலுக்கும் அதே 3960 சுற்று. மைனரின் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து வருகிறது. பின் அச்சில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. எஞ்சின் சத்தம் பழைய 60இன் சத்தம், முள் காட்டுவதும் 60, கார் போவதோ 70இல். வேகத்தின் வர்க்கத்தில் வளரும் இயக்க ஆற்றல் 36 சதவீதம் கூடியிருக்கும். அதை நிறுத்த வேண்டியது அதே 7 அங்குல டிரம் பிரேக். 1098 வந்தபோது முன்பக்க டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றுகிறவன் அந்த ஒரு அங்குலத்தை மறந்துவிடுகிறான். பயம் வந்தது எனக்கு இந்த இடத்தில்தான். இரைச்சல் என்பது அந்தக் கார் தன் எல்லையைச் சொல்லும் விதம். அதை எடுத்துவிட்டால் எல்லை நகர்ந்துவிடாது, காதில் விழாமல் போகும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு அனுப்பினேன். அவன் கடைசி வரி வரைக்கும் போய்விட்டுக் கேட்டான்: "சரி, நான் எழுபதுல போகணும்னு யார் சொன்னா?"

அவன் சொன்னது சரி. இடது லேனில் போகும் லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்று 56 மைலில் நிற்கிறது. ஒரு காலத்தில் 20 மைலில் வழிமறித்த லாரிகள்தான் இப்போது மைனருக்குத் தோதான வேகத்தைக் காட்டுகின்றன. 4.22 போட்டால் 56 மைலில் சுமார் 3430 சுற்று. இழுவை 211, அதாவது 803 சிசி காரில் அன்று ஒரு குடும்பம் திருப்தியாகச் சமாளித்த அதே அளவு.

1098 காரிலிருந்து எடுத்த டிஃபரன்ஷியல் ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அச்சுக் குழலிலிருந்து முழு அசெம்பிளியாகக் கழற்றி மாட்டலாம், ஒரு வார இறுதி வேலை. அதற்குப் பொருந்தும் ஸ்பீடோமீட்டரையும் சேர்த்தே வாங்கச் சொன்னேன், வாங்கினான். முன்பக்கம் 8 அங்குல டிரம்மும் மாட்டிவிட்டான்.

போன மாதம் மறுபடி லண்டன் போய் வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "இன்னும் சத்தந்தான். ஆனா பேசினா கேக்குது" என்றான். பழைய கிரவுன் வீலையும் பினியனையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் வைத்திருக்கிறானாம். பெட்டி மேல் 41/9 என்று எழுதி ஒட்டியிருக்கிறான். அடுத்து அந்தக் காரை வாங்குகிறவர் எந்தச் சாலையில் ஓட்டுவாரோ.