மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்: பீடைகொல்லியும் பொதுச் சுகாதார வரலாறும்

வாவியின் மேற்கே படுவான்கரை வயல்களில் தெளிக்கப்படும் பீடைகொல்லியின் வரலாறு இலங்கை முழுவதற்குமான சட்ட வரலாற்றின் பகுதி. பரத்தியன் 1984இலும், உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்தவற்றில் எஞ்சியவை 1995இலும், என்டோசல்பான் 1998இலும் தடைக்குள்ளாயின. டேவிட் கன்னெல், ரவீந்திர பெர்னாண்டோ, மைக்கேல் எடில்ஸ்டன் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பீடைகொல்லி அருந்தி நிகழும் தற்கொலைகளில் இத்தடைகளின் பலனை அளந்தது: 1995இல் இலட்சத்துக்கு 47 என உச்சம் தொட்ட தற்கொலை வீதம் 2005க்குள் பாதியானது. போரும் வேலையின்மையும் குடியும் மாறியதே காரணம் என்பார் உண்டு; ஆய்வாளர்கள் இவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தனர், சரிவோடு அவை பொருந்தவில்லை. மருந்து குறைந்தால் விளைச்சல் விழும் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. மனிதரைத் திருத்த முயல்வதைவிட நஞ்சைக் கடையிலிருந்து அகற்றுவதே விரைவாகப் பலித்தது.

ஆனால் இக்கணக்கு உடனடி மரணத்தை மட்டுமே அறியும். என்டோசல்பான் மீனுக்குக் கொடிய நஞ்சு. அதன் தடை வாவிக்கும் நன்மையே, அந்த நன்மை மரணப் பதிவேட்டில் ஏறாது. பாலமீன்மடு, கல்லாறு முகத்துவாரங்களை மணல்திட்டு அடைக்கும் கோடையில் கடலோடு நீர்ப்பரிமாற்றம் தடைப்படுவதால், வயலிலிருந்து வடிந்து வந்தது வாவியிலேயே தங்குகிறது. அதை அறிய வாவியின் சேற்றையும் மீனையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். தேசியப் புள்ளிவிபரம் அதற்கு ஈடாகாது.