மோசடி அழைப்புகள்: நம்பரை பிளாக் செய்தால் மட்டும் போதுமா?

"உங்க பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கு." "வருமான வரி பாக்கி, இன்றைக்கே கட்டாவிட்டால் கைது." காஜாங், கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் என எங்கிருந்தாலும் இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் வரலாம். மலேசியாவில் இதை 'மக்காவ் மோசடி' என்கிறார்கள்.

பிளாக் செய்தும் ஏன் மீண்டும் வருகிறது?

மோசடிக்காரர்கள் நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வங்கி அல்லது காவல் நிலையத்தின் எண் போலவே திரையில் தெரியவைக்கவும் முடியும். அதனால் திரையில் தெரியும் எண்ணை மட்டும் வைத்து யாரையும் நம்பாதீங்க.

கைப்பேசியில் என்ன செய்யலாம்?

• வந்த எண்ணை பிளாக் செய்து, 'ஸ்பேம்' என்று புகார் செய்யுங்கள்.
• ஆண்ட்ராய்டில் கூகுளின் 'ஃபோன்' செயலி இருந்தால், அதன் செட்டிங்ஸில் ஸ்பேம் அழைப்புகளை வடிகட்டும் வசதியை இயக்கலாம்.
• ஐபோனிலும் வாட்ஸ்அப்பிலும் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதி உண்டு. ஆனால் மருத்துவமனை, பள்ளி, டெலிவரி அழைப்புகளும் ஒலிக்காமல் போகலாம். தவறிய அழைப்புகளை அவ்வப்போது பாருங்கள்.

அழைப்பை எடுத்துவிட்டால்?

போலீஸ், நீதிமன்றம், பேங்க் நெகாரா எதுவும் போனில் விசாரித்து, "இந்தக் கணக்குக்குப் பணத்தை மாற்றுங்கள்" என்று சொல்லாது. "யாரிடமும் சொல்லாதே, லைனிலேயே இரு" என்றால் அது மோசடிதான். விவாதம் வேண்டாம், உடனே துண்டியுங்கள். சந்தேகம் இருந்தால், உங்கள் வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். டேக் எனப்படும் ஒருமுறைக் குறியீட்டையும் பின் எண்ணையும் யாருக்கும் சொல்லாதீங்க.

பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதிக்கலாம். அங்கே புகார் எதுவும் இல்லை என்பதற்காக அந்த எண் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. புதிய கணக்காகவும் இருக்கலாம்.

பணம் போய்விட்டதா?

வெட்கப்பட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே 997-க்கு அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். காவல்துறை, பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை இதில் சேர்ந்து செயல்படுகின்றன.

போன பணம் 'மியூல்' கணக்குகள் எனப்படும் பிறர் பெயரிலான கணக்குகள் வழியாக வேகமாகக் கைமாறும். தாமதமாகத் தாமதமாக அதைத் தடுத்து நிறுத்துவது கடினம். உங்கள் வங்கிக்கும் சொல்லி, 'கில் சுவிட்ச்' மூலம் கணக்கை முடக்குங்கள். பிறகு பரிமாற்ற ரசீது, அழைப்பு விவரம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றுடன் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். எதையும் அழித்துவிடாதீங்க.

வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி கைப்பேசியிலும் 997-ஐ இன்றே பதிவு செய்து வையுங்கள். "யார் பயமுறுத்தினாலும் போனை வைத்துவிட்டு முதலில் எங்களிடம் சொல்லுங்க" என்றும் சொல்லி வையுங்கள்.